காவி கட்டும் சம்சாரி!

திருவண்ணாமலையில் காவி வேட்டிக்குப் பஞ்சமே கிடையாது. கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் சுற்றி வந்தால், வீடு வேண்டாம், வாசல் வேண்டாம், பெண்டாட்டி பிள்ளை வேண்டாம் என்று உதறிவிட்டு வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். 'நமக்கும் குடும்பத்துக்கும் சம்பந்தமில்லை' என்பதற்கு அடையாளமான கலர் அது.

ஆனால் அதே ஊரில் இன்னொரு கோஷ்டியும் இருக்கிறது. சாதாரண நாளில் சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி பளிச்சென்று வெள்ளை. கல்யாண சீஸன் வந்துவிட்டால் மட்டும் தலை, கழுத்து, முதுகு எல்லாம் காவி! ஜோடி சேர்ந்து, கூடு கட்டி, முட்டை பொரித்து, பிள்ளைகளை ஆளாக்கி விட்டதும் காவியைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி வெள்ளை. குடும்பத்தை விடுவதற்காக அல்ல, குடும்பம் நடத்துவதற்காகக் காவி கட்டுகிற அந்த ஆசாமிதான் உண்ணிக்கொக்கு. மாட்டுக்குப் பின்னாலேயே மேனேஜர் பின்னால் போகிற பி.ஏ. மாதிரி நடந்து போகுமே, அதேதான்.

"அடப் போங்க ஸார், கொக்குதானே! இதுல என்ன இருக்கு?" என்கிறீர்களா?

அடிமுடி தேடிய கதை உங்களுக்குத் தெரியும். முடியைத் தேடி பிரம்மா அன்னமாகப் பறந்தார், பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லி மாட்டிக்கொண்டார். கதையில் வந்த வெள்ளைப் பறவையை நமக்கு நன்றாகத் தெரியும். சமுத்திரம் ஏரி, வேங்கிக்கால் ஏரி என்று ஊரைச் சுற்றி நிஜமாகவே நிற்கிற வெள்ளைப் பறவையைத்தான் தெரியாது. அத்தனைக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டோம்: கொக்கு. முடிஞ்சு போச்சு!

ஒன்றல்ல, நாலு

வெள்ளைக் கொக்கு என்று நாம் சொல்வது ஒரு பறவையல்ல. நம் பக்கத்து ஏரி, வயல்களில் மட்டும் நாலு வகை உண்டு. கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். மூக்கையும் காலையும் பார்த்தால் போதும்.

முதலில் பெரிய கொக்கு. உயரம் ஏறக்குறைய 3 அடி. சாதாரண நாளில் மூக்கு மஞ்சள், கால் கறுப்பு. சந்தேகமாக இருந்தால் வாயின் ஓரத்தைக் கவனியுங்கள். வாய்க்கோடு கண்ணையும் தாண்டிப் பின்னால் போயிருக்கும். எப்போதும் யாரையோ பார்த்து லேசாகச் சிரிப்பதுபோல ஒரு முகம்!

அடுத்தது நடுத்தரக் கொக்கு. பெரியதைப் போலவேதான், ஆனால் ஒரு சைஸ் சின்னது. வாய்க்கோடு கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அண்ணன் தம்பி. தனியாக நின்றால் நமக்குத் தலைவலி.

மூன்றாவது சின்னக் கொக்கு. சுமார் 2 அடி. மூக்கு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். ஆபீஸ் பேண்ட்டுக்குக் கீழே மஞ்சள் ஸாக்ஸ் போட்டுக்கொண்டு வந்த மாதிரி. அந்த ஸாக்ஸ் அலங்காரத்துக்கு மட்டுமல்ல. சேற்றில் காலை விட்டு லேசாக ஆட்டும். கீழே ஒளிந்திருக்கும் மீனும் இறாலும் பயந்து வெளியே பாயும். அப்புறமென்ன, டிபன் ரெடி.

நாலாவதுதான் நம் காவிக்காரர். ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் மேலே. கட்டை மூக்கு, மஞ்சள். மற்ற மூன்று பேரும் தண்ணீரில் நின்று பிழைப்பவர்கள். இவர் தரையில் நடந்து பிழைப்பவர்.

இவர்களைத் தவிர ஒரு டூப்ளிகேட்டும் உண்டு. வரப்பில் மண்கலரில் அசையாமல் குந்தியிருக்கும். நாம் கிட்டே போகிற வரை அங்கே ஏதோ இருப்பதே தெரியாது. திடீரென்று எழும்பினால் சிறகு முழுக்க வெள்ளை! இதுதான் மடையான். காலடியில் ஆள் வந்த பிறகுதான் பறக்கிறது, அதனால் கண் தெரியாது என்று முடிவுகட்டி, 'குருட்டுக் கொக்கு' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டோம். உண்மையில் ஏமாந்தது அதன் கண்ணல்ல, நம் கண்.

சட்டையைப் பார்த்து சொந்தம் சொல்லாதே

இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. மேலே சொன்ன நாலு பேரும் வெள்ளைச் சட்டைக்காரர்கள். பார்த்தவுடன், "நாலும் ஒரு குடும்பம்" என்போம். பறவை விஞ்ஞானிகளும் ரொம்ப காலம் கிட்டத்தட்ட இப்படித்தான் யோசித்தார்கள். பெரிய கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் சின்னக் கொக்கோடு 'எக்ரெட்டா' என்ற ஒரே பேரினத்தில் பலர் சேர்த்திருந்தார்கள். உண்ணிக்கொக்குக்குத் தனியாக ஒரு பேரினம்.

எலும்பையும் குரலையும் நடத்தையையும், பிற்பாடு மரபணுவையும் எடுத்துவைத்து ஜாதகம் பார்த்தபோது பொருத்தம் மாறிப்போனது. பெரிய கொக்கும் நடுத்தரக் கொக்கும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தாலும், சாம்பல் நாரைக்கும் செந்நாரைக்கும்தான் நெருங்கிய சொந்தம். ஏரியில் சாம்பல் கலரில், தலையில் கறுப்புக் குடுமியோடு, ரிடையர்டு ஹெட்மாஸ்டர் மாதிரி தனியாக நிற்குமே, அதுதான் சாம்பல் நாரை. அந்தக் குடும்பத்துக்கு 'ஆர்டியா' என்று பெயர். 2020-களில் முக்கியமான உலகப் பறவைப் பட்டியல்கள் உண்ணிக்கொக்கையும் அதே ஆர்டியா வீட்டில் குடியேற்றிவிட்டன. ஆக, நாலு வெள்ளைச் சட்டையில் மூன்று பேர் ஹெட்மாஸ்டர் வீட்டுப் பிள்ளைகள். மஞ்சள் ஸாக்ஸ் சின்னக் கொக்கு மட்டும் எக்ரெட்டாவில் தனிக்குடித்தனம்.

உண்ணிக்கொக்கிலும் இப்போது இரண்டு கிளை பிரித்திருக்கிறார்கள். ஆப்பிரிக்கா, ஐரோப்பா பக்கம் ஒன்று, ஆசியாக்காரர் ஒன்று. நம்மவரின் விஞ்ஞானப் பெயரில் 'கொரமாண்டா' என்று ஒரு வார்த்தை வருகிறது. 1783-இல் பீட்டர் பொடேர்ட் என்ற டச்சுக்காரர் வைத்த பெயர். கொரமாண்டல் கரையிலிருந்து போன ஒரு பறவையின் படத்தைப் பார்த்து வைத்தது. கொரமாண்டல் என்றால்? நம்ம சோழமண்டலம்தான், வெள்ளைக்காரன் வாயில் அப்படி ஆகிவிட்டது! கிழக்காசியா வரைக்கும் இந்தக் கொக்கு எங்கே மேய்ந்தாலும் ரேஷன் கார்டில் சொந்த ஊர் சோழமண்டலம் என்றே இருக்கிறது.

தமிழிலும் ஒரு குழப்பம் உண்டு. சாம்பல் நாரை என்கிறோம், செங்கால் நாரை என்கிறோம். இரண்டும் நாரைதானே என்றால், இல்லை. முதலாவது கொக்குக் குடும்பம். இரண்டாவது, சத்திமுத்தப் புலவர் தூது அனுப்பிய அந்தப் பறவை, வேறு குடும்பம். தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி: பறக்கும்போது பாருங்கள். கொக்குக் குடும்பம் கழுத்தை மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டு பறக்கும். செங்கால் நாரையின் கூட்டம் கழுத்தை நேராக நீட்டிக்கொண்டு பறக்கும். அப்படி மடக்குவதற்கு வசதியாகக் கொக்கின் கழுத்தில் ஆறாவது எலும்பு மட்டும் கொஞ்சம் நீளம். மீனைக் கண்டதும் ஸ்பிரிங் மாதிரி கழுத்து பாய்கிறதே, அதன் ரகசியமும் இந்த எலும்பில்தான். இன்னொரு கூத்து, மரபணுக் கணக்குப்படி கொக்குக்கு நாரையைவிடக் கூழைக்கடாதான் கிட்டத்துச் சொந்தம்!

மாட்டுக்குப் பின்னால் ஓர் உலகப் பயணம்

உண்ணிக்கொக்கு என்றால் மாட்டின் மேல் இருக்கும் உண்ணியைத் தின்று பிழைப்பது என்று பெயர் வாங்கிவிட்டது. உண்ணியும் ஈயும் தின்பது நிஜம். ஆனால் அது சைடு டிஷ். மெயின் சாப்பாடு வெட்டுக்கிளி, தத்துக்கிளி, சின்னத் தவளை. மாடு புல்லில் காலை வைக்கும். பூச்சிகள் அலறியடித்துக்கொண்டு எழும்பும். கொக்கு நோகாமல் கொத்திக்கொள்ளும். தனியாக அலைவதைவிட மாட்டோடு போனால் கம்மி நடையில் ஜாஸ்தி வரும்படி என்று ஆராய்ச்சியாளர்கள் எண்ணிப் பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். மாடு குறைந்து டிராக்டர் வந்ததா? கவலையே படவில்லை. டிராக்டருக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்துவிட்டது. கம்ப்யூட்டர் வந்தபோது டைப்ரைட்டரை விட முடியாமல் தவித்த நாம் கொஞ்சம் வெட்கப்படலாம்.

இந்த சாமர்த்தியத்தால் இந்தக் குடும்பம் போன தூரம் அசாத்தியம். ஆப்பிரிக்கக் கிளை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அட்லாண்டிக் கடலையே தாண்டித் தென் அமெரிக்காவில் இறங்கியது. 1953-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கூடு கட்டியது. நம் ஆசியக் கிளை 1940-களில் ஆஸ்திரேலியாவுக்குப் பரவியது. பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை. எங்கே மனிதன் மாடு வளர்த்தானோ, எங்கே நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினானோ, அங்கே பின்னாலேயே போய்ச் சேர்ந்தது.

இரண்டரை மாசக் குடித்தனம்

இவ்வளவு கெட்டிக்காரப் பறவைக்கும் ஒரு வீக்னெஸ் உண்டு. கூடு.

கொக்கு தனியாகக் கூடு கட்டுவது அபூர்வம். காலனிதான் பிடிக்கும். ஒரே மரத்தில் உண்ணிக்கொக்கு, சின்னக் கொக்கு, மடையான், இருட்டிய பிறகு 'க்வாக்' என்று கத்திக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிற இராக்கொக்கு, நீர்க்காகம் எல்லாம் சேர்ந்து குடியிருக்கும். ஹவுஸிங் போர்டு குடியிருப்பு தோற்றது. கருவேலமோ புளியோ அரசோ, அதைப் பற்றி ரொம்ப அலட்டிக்கொள்வதில்லை. பக்கத்தில் தண்ணீர், எட்டாத உயரம் அல்லது நீர் சூழ்ந்த கிளை, தொந்தரவு இல்லாத அக்கம்பக்கம். இதுதான் கண்டிஷன்.

தமிழ்நாட்டில் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான் இந்த சீஸன் களைகட்டும். மழைக்கும் ஏரியின் இருப்புக்கும் தகுந்தபடி ஊருக்கு ஊர் மாசம் முன்பின்னாகும். அண்ணாமலையில் கார்த்திகை தீபத்துக்குக் கூட்டம் சேர்கிற காலத்தில், ஏரிக் கொக்குகளும் கல்யாண மூடுக்கு வந்திருக்கும். அப்போதுதான் ஜவுளி எடுக்கும் படலம். உண்ணிக்கொக்குக்குக் காவி. பெரிய கொக்குக்கு முதுகிலிருந்து சல்லாத்துணி மாதிரி மெல்லிய தூவல்கள். நடுத்தரக் கொக்குக்கு முதுகிலும் மார்பிலும். சின்னக் கொக்குக்குக் கூடுதலாகத் தலைக்குப் பின்னால் ரிப்பன் மாதிரி இரண்டு நீள இறகு. மண்கலர் மடையானுக்கு முதுகில் அரக்குப் பட்டு. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒரே டிஸைன்தான், ஜவுளிக்கடையில் சண்டைக்கு இடமே இல்லை!

பொதுவாக ஆண் குச்சி பொறுக்கி வரும். பெண் வாங்கி அடுக்கும். பக்கத்து வீட்டுக் கூட்டில் ஆள் அசந்தால் குச்சி திருடுவதும் உண்டு. நீலம் கலந்த வெளிர்பச்சையில் மூன்று, நாலு முட்டை. இரண்டு பேரும் ஷிப்டு போட்டு மூன்று வாரத்துக்கு மேல் அடைகாப்பார்கள்.

இதில் ஒரு சோகம். முதல் முட்டை இட்டவுடனேயே அடைகாக்க உட்கார்ந்துவிடும். அதனால் குஞ்சுகள் ஒரே நாளில் பொரிக்காமல் ஒன்றிரண்டு நாள் இடைவெளியில் பொரிக்கும். மூத்தது கொழுகொழு. கடைசி நோஞ்சான். ஏரியில் தண்ணீரும் மீனும் தவளையும் நிறைய இருந்தால் கடைக்குட்டியும் பிழைக்கும். இல்லையென்றால் மூத்ததுகள் கொத்தித் தள்ளிவிட்டு எல்லாவற்றையும் பிடுங்கித் தின்றுவிடும். அந்த வருஷ மழை எப்படி, ஏரி எப்படி என்று யாரும் ரிப்போர்ட் எழுத வேண்டியதில்லை. கூட்டில் கடைக்குட்டி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

குச்சி அடுக்குவதிலிருந்து குஞ்சு சொந்தமாகப் பறந்து இரை தேடும் வரை சுமார் இரண்டு, இரண்டரை மாசம். கண்டம் விட்டுக் கண்டம் போகிற பறவை, அந்த இரண்டரை மாசம் மட்டும் ஒரு மரத்தை விட்டு நகர முடியாது.

தொப்பிக்கு ஏறிய பட்டு

அந்த இரண்டரை மாசத்தைத்தான் ஒரு காலத்தில் மனுஷன் குறிவைத்தான்.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன், பாரிஸ், நியூயார்க் சீமாட்டிகளுக்குத் தொப்பியில் கொக்கு இறகு செருகிக்கொள்ளும் மோகம். 1886-இல் ஃப்ராங்க் சாப்மன் என்ற பறவை ஆர்வலர் நியூயார்க் கடைவீதியில் நடந்தபடியே 700 தொப்பிகளை எண்ணினார். 542-இல் இறகு! அவர்கள் கேட்டது சாதாரண இறகல்ல, கல்யாண சீஸனில் மட்டும் முளைக்கிற அந்தச் சல்லாத் தூவல். ஆக, கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும்போதுதான் தாய் தகப்பனைச் சுட வேண்டும். சுட்டார்கள். முதுகுத் தூவலை உரித்துக்கொண்டு போனார்கள். மேலே குஞ்சுகள் பசியில் கத்திக் கத்தியே செத்தன. எடைக்கு எடை தங்கத்தைவிட அதிக விலை என்றால் யார் விடுவார்கள்?

எதிர்ப்பு கிளம்பியதும் பெண்களிடமிருந்தே! 1889-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பக்கத்தில் எமிலி வில்லியம்சன் என்ற பெண்மணி, 'இறகு சூடமாட்டோம்' என்று ஒரு சங்கம் தொடங்கினார். அதுதான் இன்றைக்கு பிரிட்டனின் மிகப் பெரிய பறவைப் பாதுகாப்பு அமைப்பாக வளர்ந்திருக்கிறது. 1905-இல் ஃபுளோரிடாவில் கொக்குக் காலனிகளைக் காவல் காத்த கை பிராட்லி, வேட்டைக்காரர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தியாவிலிருந்தும் இறகு கப்பலேறிக்கொண்டிருந்தது. 1902-இல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 1921-இல் பிரிட்டன் இறக்குமதியை நிறுத்தச் சட்டம் போட்டது. மோகமும் மாறியது. கொக்கு தப்பித்தது.

எச்சம் யாருக்கு?

'கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா?' கதை ஞாபகம் இருக்கிறதா? மரத்தடியில் தவம் செய்த கொங்கணவர் மேல் ஒரு கொக்கு எச்சமிட்டது. முறைத்துப் பார்த்தார், கொக்கு சாம்பல். அப்புறம் பிச்சைக்குப் போன வீட்டில், புருஷனைக் கவனித்துவிட்டுத் தாமதமாக வந்த அம்மாள் கேட்ட கேள்விதான் அது. காவி கட்டியவரை ஒரு சம்சாரி ஜெயித்த கதை.

கொங்கணவர் ஒரு சொட்டு எச்சத்துக்குக் கொக்கை எரித்தார். மதுராந்தகம் பக்கத்து வேடந்தாங்கல் விவசாயிகளோ அதே எச்சத்துக்காகக் கலெக்டரிடம் போனார்கள். அவர்கள் ஏரியில் கடம்ப மரங்கள் நிறையக் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டும். எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் உரம் தனியாக வேண்டாம் என்பது அவர்கள் அனுபவம். துப்பாக்கியோடு வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட ஆரம்பித்ததும் முறையிட்டார்கள். 1798-இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். லண்டனில் சங்கம் எதுவும் பிறப்பதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் முன்னால்! 2022-இல் வேடந்தாங்கல் ராம்சார் பட்டியலில் ஏறி உலகப் புகழ் ஈரநிலமானது. சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகள் பயந்துவிடக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வைக்காமல் இருக்கும் பழக்கம் ஊரறிந்த விஷயம்.

இப்போது தொப்பி இல்லை, சிப்பாய் இல்லை. அப்புறம் என்ன ஆபத்து? அதே இரண்டரை மாசம்தான்.

கொக்குக் காலனி காட்டில் மட்டும் இருப்பதில்லை. ஆபீஸ் காம்பவுண்டு தூங்குமூஞ்சி மரத்தில், பஸ் ஸ்டாண்டு ஓரத்துப் புளியமரத்தில்கூட வந்துவிடும். கீழே நாம் பைக்கை நிறுத்துகிறோம். சாயங்காலம் ஸீட்டில் வெள்ளைக் கோலம். மறுநாள் ஒரு புகார். அதற்கடுத்த வாரம் கிளை வெட்ட ஆள் வருகிறது. கிளையோடு கூடும், கூட்டோடு குஞ்சும் தரைக்கு வரும். நாமெல்லாம் சின்னச் சின்னக் கொங்கணவர்கள். முறைப்பதற்குப் பதில் மனு எழுதுகிறோம்.

இன்னொரு பக்கம், வயலில் கண்ணி வைத்து மடையானையும் கொக்கையும் பிடிக்கிற வேலை நடக்கிறது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கொக்கு வேட்டை குற்றம். பிடிப்பவர் மட்டுமல்ல, "ஊர்ல ஸ்பெஷலா என்ன கிடைக்கும்?" என்று விசாரித்து வாங்குபவரும் மாட்டுவார்.

மூன்றாவது, ஏரி. திருவண்ணாமலை மாவட்டம் வற்றாத ஆறு ஓடுகிற சீமையல்ல. தென்பெண்ணையில் 1958-இல் சாத்தனூர் அணை வந்தது. மற்றபடி மழையை ஏரியில் பிடித்து வைத்துத்தான் பிழைப்பு. வரத்துக்கால்வாயில் வீட்டைக் கட்டி, ஏரியில் குப்பையைக் கொட்டினால், முதலில் சாவது கூட்டின் கடைக்குட்டி. ஆனால் கணக்கு அதோடு முடியாது. கொக்குக்கு மீன் இல்லாத ஏரி, நமக்குக் கிணற்றில் தண்ணீர் இல்லாத ஏரியும்தான்.

செய்ய வேண்டியது ரொம்பக் கஷ்டமில்லை பிரதர். மரத்தில் கூடு தெரிந்தால் வண்டியைப் பத்தடி தள்ளி நிறுத்துங்கள், அல்லது ஒரு பழைய ப்ளாஸ்டிக் ஷீட்டைப் போட்டு மூடுங்கள். கிளை வெட்டியே ஆகவேண்டும் என்று ஆபீஸில் பேச்சு வந்தால், "குஞ்சு பறக்கட்டும் ஸார், இரண்டு மாசம் தள்ளி வெட்டிக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். கூடு விழுந்துவிட்டாலோ, யாராவது கண்ணி வைப்பதைப் பார்த்தாலோ வனத்துறை ஆபீஸுக்குத் தகவல் கொடுங்கள். போட்டோ எடுக்கிறேன் என்று கூட்டுக்குக் கிட்டே மட்டும் போகாதீர்கள். தாய் எழும்பிப் போனால் வெயிலும் காக்கையும் முந்திக்கொள்ளும்.

உறுமீன் வருகிறவரை ஒற்றைக் காலில் நிற்கிற பொறுமையைக் கொக்கிடம் கற்றுக்கொள்ளச் சொல்லி ஔவையும் வள்ளுவரும் எப்போதோ நமக்குப் பாடம் வைத்துவிட்டார்கள். கொக்கு நம்மிடம் கேட்பதும் அதையேதான். வருஷத்தில் இரண்டரை மாசப் பொறுமை. காவியைக் கழற்றிவிட்டு அதுவே வெள்ளைச் சட்டையோடு கிளம்பிவிடும், மாடு மேய்க்க!